நாள் குறித்துக் கொடுத்தவன்

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் கெட்ட எண்ணத்தோடுதான் குறித்துக் கொடுத்தேன். பங்குனி இரண்டாம் செவ்வாய், மாலை நான்கு மணி. என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் ‘நண்பன் கதை சொன்ன நாள்’ என்று மட்டும் இருக்கிறது. மற்றதை இப்போதுதான் எழுதுகிறேன்.

வீடு திருப்பரங்குன்றத்தில், கடை மாட்டுத்தாவணி பக்கத்தில். டைப்பிங், ஜெராக்ஸ், கல்யாணம், காதுகுத்துப் பத்திரிகைகளுக்கு எழுத்துக் கோத்துக் கொடுப்பது. கடையில் வேலை இல்லாத நேரத்தில் படிப்பேன், அல்லது குறித்து வைப்பேன். முதல் கோடை மழை என்றைக்கு, எந்த ஊரில் எந்தக் கிழமை திருவிழாச் சாட்டு என்று எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. ஒரு திரைக்கதையும் உண்டு. ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் இருபது நிமிடம்தான் மொத்தப் படமும். கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களை மட்டும்தான் பார்ப்போம். ஆறு முறை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிய தேதி இருக்கும். சென்னையில் எனக்காகப் பேச ஆள் கிடையாது. அதனால் கம்பெனி கம்பெனியாகக் கூரியரில் அனுப்பினேன். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கியிருக்கிறேன். பதில் என்று அடுக்க ஒரு தாளும் வரவில்லை.

அந்த மாசியில் ஒரு படக்குழு மதுரைக்கு வந்து தங்கியது. படப்பிடிப்பு கொட்டாம்பட்டி பக்கத்து ஊர் ஒன்றில். மறுநாள் என்ன எடுக்கிறார்கள், யார் எப்போது வர வேண்டும் என்ற விவரத் தாளை நகல் எடுக்க உதவி இயக்குநர் ஒருவர் சாயங்காலம் தோறும் என் கடைக்கு வருவார். இரண்டாம் நாளே என் திரைக்கதையை அவர் கையில் கொடுத்தேன்.

“குடுங்கண்ணே, சார் காதுல போடுறேன்” என்றார்.

ஆறாம் நாள் அவர் நீட்டிய தாளின் பின்பக்கம் எனக்குத் தெரிந்த எழுத்தாக இருந்தது. என் திரைக்கதையின் முப்பத்தேழாம் பக்கம். கேட்டில் நிற்கும் மணப்பெண் காரிலிருந்து இறங்கும் காட்சி. அடியில் என் தேதி.

“பேப்பர் தீந்துபோச்சுண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க.”

நாற்பது நகல் எடுத்துக் கொடுத்தேன்.

என் நண்பன் அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர்க்காரன், மைக் செட் வைத்திருப்பவன். ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். அவனும் ஒரு கதை எழுதினான், கோடு போட்ட பள்ளி நோட்டில், ஒரே மாதத்தில். ஜல்லிக்கட்டுக்கு ஒரு காளை வந்து நிற்கிறது, அதன் சொந்தக்காரர் வரவில்லை. மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படம் முழுக்க அந்தக் குரல்தான். கடைசிவரை அவர் வருவதில்லை. அதை டைப் அடித்துக் கொடுத்தது நான். பாதியில் ஓரிடத்தில், கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்த அறிவிப்பாளர் சொந்தக்காரரை விட்டுவிட்டுக் காளையிடமே பேச ஆரம்பிப்பார். அங்கே என் விரல் நின்றுவிட்டது. என் ஆறு திருத்தத்திலும் அப்படி ஓரிடம் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை அடித்தேன். வேண்டுமென்றே நாலு எழுத்துப் பிழை விட்டேன். பிறகு நானே திருத்தினேன், என் கடைப் பெயர் கெட்டுவிடும் என்று.

பங்குனி பிறந்து மூன்றாம் நாள் அவன் கடைக்கு வந்தான்.

“மாப்ள, ஒரு பத்திரிகை அடிக்கணும்.”

“யாருக்குக் காதுகுத்து?”

“கதைக்கு.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“இங்க வந்து தங்கியிருக்கிற டைரக்டரும் நம்ம பக்கத்து ஆளுதானாம். கதை இருக்கு சார்னு போயி நின்னா எவனும் மூஞ்சி குடுக்க மாட்டான். வெத்தல பாக்குத் தட்டோட போயி நில்லு, எவன் வேணாங்கிறான்னு பாப்போம்.”

அவன் சொல்லச் சொல்ல நான்தான் கோத்தேன். ‘எங்கள் இல்லக் கதை சொல்லும் விழா. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து கதையைக் கேட்டுச் சிறப்பிக்க வேண்டுகிறோம்.’ இடம், அவனுடைய மைக் செட் கொட்டகை. இது எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

“நாள மட்டும் நீ குறிச்சுக் குடு மாப்ள. உனக்குத்தான் எந்த நாளு எப்படின்னு தெரியும்.”

அடுத்த வாரம் முழுவதற்குமான விவரத் தாள் என் மேசையில்தான் கிடந்தது. செவ்வாய்: ஊர் மந்தையில் கூட்டக் காட்சி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. வியாழன்: ஓய்வு. நான் செவ்வாய் என்று எழுதினேன்.

“செவ்வாயா?”

“கல்யாணத்துக்குத்தான் செவ்வாய் ஆகாது. கதைக்கு என்ன?”

“அதுவும் சரிதான்” என்றான். நம்பிவிட்டான்.

படக்குழு தங்கியிருந்த விடுதிக்கு நானும் கூடப் போனேன். அவன் அவமானப்படுவதைப் பார்க்கத்தான் போனேன். இயக்குநர் விடுதி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தட்டைக் கண்டதும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். படித்தார். மறுபடி படித்துவிட்டுச் சிரித்தார்.

“செவ்வாய்க்கிழம பெரிய சீன் இருக்கேண்ணே.”

“அழைக்கிறது எங்க கடமைங்க. வாரது உங்க இஷ்டம்” என்றான் என் நண்பன்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து, ‘பாவம்’ என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் உதவி இயக்குநர் புதுத் தாளோடு வந்தார். செவ்வாய் படப்பிடிப்பு நடக்கும் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்களாம். அன்றைக்கு மந்தையில் வெளியாள் நிற்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்: ஓய்வு. வியாழன்: கூட்டக் காட்சி.

அவர் போனதும் போன வருஷத்து நோட்டை எடுத்தேன். அந்த ஊரின் பெயர் எழுதி, ‘பங்குனி இரண்டாம் செவ்வாய், காப்பு’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நாள் குறித்தபோது அவர்களுடைய தாளைப் பார்த்தேன், என் நோட்டைப் பார்க்கவில்லை. நல்ல மனசோடு வியாழன் என்று எழுதியிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

செவ்வாய் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே இயக்குநரின் கார் கொட்டகை வாசலில் நின்றது. கூடவே அந்த உதவி இயக்குநரும். என் பையில் என் திரைக்கதை இருந்தது, முப்பத்தேழாம் பக்கத்தைப் புதிதாக அச்செடுத்துச் சேர்த்திருந்தேன்.

நண்பன் கதையைப் படிக்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்தான், கூம்பு ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பினான், “காளையின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வாடிவாசலுக்கு வரவும்” என்று ஆரம்பித்தான். தெருவில் போனவர்கள் நின்றார்கள். யாரோ ஒருவர் “எந்த ஊரு காளைப்பா?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டார். இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவன் எங்காவது திக்க வேண்டும் என்று காத்திருந்தேன். காளையிடம் பேசும் இடம் வந்தது. அவன் மைக்கை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசினான். மைக்கை அணைப்பதை அவன் நோட்டில் எழுதியிருக்கவில்லை. இயக்குநர் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

முடிந்ததும் அவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “இத வேற யாருட்டயும் சொல்லாதீங்கண்ணே. நான் பண்றேன்” என்றார். காரில் ஏறும் முன், “ஆமா, இந்த நாளை யாரு குறிச்சது? வேற என்னைக்குக் கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க முடியாது” என்றார்.

“இந்தா நிக்கிறான்ல, நம்ம மாப்ள. நாளு கிழமைல இவன மிஞ்ச ஆளில்ல.”

அவர் என்னைப் பார்த்தார். “நீங்களும் எழுதுவீங்களா?”

உதவி இயக்குநர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பையின் வாரைப் பிடித்திருந்தேன்.

“இல்ல சார். டைப் அடிப்பேன்.”

அந்தப் பதிலுக்காக என்னை இன்றுவரை திட்டிக்கொள்கிறேன். ஆனால் அவன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றபோது வேறு எதுவும் வரவில்லை.

இப்போது அவன் மாதத்தில் பாதி நாள் சென்னையில். படம் பாதி முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஒரு கட்டுப் பத்திரிகையோடு கடைக்கு வந்தான். எனக்குத் தெரியக் கூடாது என்று வேறு கடையில் அடித்திருக்கிறான். ‘எங்கள் நண்பரின் ரயில்வே கேட் கதை சொல்லும் விழா.’ இடம், அதே கொட்டகை. எழுத்து அமைப்பு என்னுடையதைவிட அழகாக இருந்தது. அந்த எரிச்சலும் உண்மைதான். தேதி இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

“நாள நீயே போட்டுக்க மாப்ள. டைரக்டர்ட்ட சொல்லிட்டேன், தட்டோட வாரோம்னு. உன் கை ராசியான கை.”

கட்டு மேசையில்தான் இருக்கிறது. பேனாவை இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். இதை எழுதி முடித்ததும் முதல் நகல் அவனுக்கு. படித்த பிறகும் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவானானால், விழா நாளை அவனே குறிக்கட்டும்.