என் கையால் கொடுத்தது செல்லாது

1. கவுண்டர்

கோர்ட்டுக் கவுண்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. நான் நீட்டிய புத்தகத்தை வாங்கிப் புரட்டியது.

"என்ன ஐயா இது?"

"தபால் புக்கும்மா. கடைசிப் பக்கத்துல என் சம்சாரம் கையெழுத்து இருக்கு. பெட்டிஷனை வாங்கிட்டாங்க."

"யாரு கொடுத்தது?"

"நான்தான்."

"கேஸ் போட்டதே நீங்கதானே. நீங்க கொடுக்கக் கூடாது ஐயா."

"இருபத்தெட்டு வருஷமா நான்தாம்மா கொடுக்கிறேன்."

பக்கத்துக் கவுண்டர் ஆள் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. முதல் பஸ் பிடித்து மலையிறங்கி வந்திருந்தேன்.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் எனக்குத் தபால் வேலை. டவுனில் போய் பை எடுத்து வருவேன். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி பிரித்துக் கொடுப்பார். மோட்டார் சைக்கிளில், ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கொடுப்பேன். முக்கியமான கடுதாசி என்றால் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இருந்தால் வேலை முடிந்தது. தோட்டத்தில் அதற்கு மேல் சாட்சி கிடையாது. கோர்ட்டுக்கும் அது போதும் என்று நினைத்தேன். வக்கீல் வைக்க வழியில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னது. "வேற ஆள் யாராவது கொடுக்கணும். வயசு வந்த ஆளா இருக்கணும். வாங்குறவங்க ஐசியை, அடையாள அட்டையைப் பார்க்கணும். அப்புறம் அவரே இங்க வந்து, நான்தான் கொடுத்தேன்னு சத்தியம் பண்ணணும். நீங்க கூடப் போய் ஆளைக் காட்டலாம். கையில மட்டும் கொடுக்காதீங்க."

"எத்தனை நாள் இருக்கு?"

"அஞ்சு வாரம். அதுக்குள்ள கொடுக்கலன்னா கேஸைத் தள்ளிடுவாங்க. அப்புறம் திரும்ப மொதல்லேர்ந்து வரணும்."

2. ஏன் கேஸ் போட்டேன்

பாக்கியம் என்னை விட்டுப் போய் ஏழு வருஷம். சண்டை ஒன்றும் இல்லை. நான் பேசுகிற ஆள் இல்லை, அதுதான். லெம்பா பெர்த்தாம் என்கிற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலைக்குப் போனாள். அங்கேயே ஒருத்தரோடு இருந்துவிட்டாள். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை.

போன வருஷம் வயிற்றில் ஒரு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் பாரத்தைக் கொடுத்து, மனைவி உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். கூப்பிடுங்கள், கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உண்டு என்பதும் பொய். இல்லை என்பதும் பொய். எதையாவது ஒன்றை உண்மையாக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். விவாகரத்துக்குக் கேஸ் போட்டேன்.

3. முதல் தடவை

நான் கொடுத்துச் செல்லாமல் போனதைச் சொல்கிறேன்.

முட்டைக்கோஸ் அடுக்குகிற கொட்டகையில் இருந்தாள். என் மோட்டார் சத்தம் கேட்டே திரும்பினாள்.

"என்ன, இங்கயும் தபாலா?"

"கோர்ட்டு."

கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரிக்கவில்லை. நான் புத்தகத்தை நீட்டினேன். எங்கே என்று கேட்காமல் சரியான கோட்டில் போட்டாள். முன்பு எத்தனையோ கடுதாசிக்குப் போட்டவள்.

"முடியெல்லாம் நரைச்சுப் போச்சு."

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

சாப்பிடவில்லை. ஏழு வருஷத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். வரும்போது மனசு லேசாக இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

4. ஆள் தேடியது

கவுண்டரிலிருந்து வந்ததும் கங்காணி மாரிமுத்துவிடம் போனேன். கல்யாணத்தில் எனக்கு மாப்பிள்ளைத் தோழன். கோர்ட்டில் வாங்கி வந்த இன்னொரு பிரதியைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"டேய், தாலி எடுத்துக் கொடுத்த தட்டைப் பிடிச்சவன்டா நான். இதை நான் தொடலாமா?"

டிரைவர் சுப்பையா வீட்டில் அவன் பெண்சாதி குறுக்கே வந்தாள். "அண்ணே, எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. வேற ஆளப் பாருங்க."

கிராணி சிரித்துக்கொண்டே, "உன் கல்யாணத்துல ரெண்டாம் பந்தியில பாயாசம் குடிச்சேன்பா, விட்டுடு," என்றார்.

யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் அது அப்படித்தான். கல்யாணச் சோறு சாப்பிட்டவன் அந்தக் கல்யாணத்தை அறுக்கிற காகிதத்தைத் தொடமாட்டான். எங்கள் கல்யாணத்தில் தோட்டமே சாப்பிட்டது.

மூன்று வாரம் போய்விட்டது. கடைசியில் பேக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை செய்யும் பிரேமிடம் கேட்டேன். நேபாளத்து ஆள். தமிழ் இங்கே வந்து பழகியது.

"நான் குடுக்கறேன்லா, அண்ணே. உங்க சோறு நான் சாப்பிடல."

5. ரெண்டாம் தடவை

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் ரோட்டில் மோட்டாரோடு நின்றேன். "அந்த நீலச் சட்டை," என்று விரல் காட்டினேன். பிரேம் இறங்கிப் போனான்.

அவள் முதலில் பின்னால் நகர்ந்தாள். தெரியாத ஆள், கையில் கவர். பிரேம் ஏதோ சொன்னான். உள்ளே போய் ஐசி எடுத்து வந்து காட்டினாள். வாங்கினாள். பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள். நான் நிற்பது தெரிந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

பிரேம் ஏறி வந்தான். "அக்கா கேட்டாங்க. அன்னைக்கு அவரே வந்து குடுத்தாரே, நான் வாங்கிக்கலியா? இப்ப ஆள் விட்டு அனுப்புற அளவுக்கு நான் என்ன பண்ணினேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னேன். நீங்க போய் சொல்லுங்க, அண்ணே."

இருபது அடிதான் இறக்கம். நான் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணினேன்.

பிரேம் ஒரு நாள் லீவு போட்டு என்னோடு வந்து சத்தியம் பண்ணினான். கேஸ் அன்றைக்கு அவள் வரவில்லை. எதிர்க்கவும் இல்லை. தீர்ப்பு ஆனது. அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

வக்கீல் இல்லாமல் கேஸ் போடுகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். காகிதத்தை உன் கையால் கொடுக்காதே, செல்லாது என்கிறேன். கொண்டுபோகிறவன் வாங்குகிறவங்க ஐசியைப் பார்க்கணும், அவங்க போட்டோ ஒன்று கையில் இருக்கணும் என்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன். ஆள் அனுப்புவதற்கு முதல் நாள் நீயே போ. நாளைக்கு ஒருத்தர் வருவார், அது கோர்ட்டு முறை, எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிவிட்டு வா. காகிதம் கொடுக்கத்தான் கோர்ட்டில் தடை. பேசுவதற்குத் தடை இல்லை.