சீர்த்தட்டுக்கு ஒரு ரஸ்தாளித் தார்

பெயிண்ட் டின்களைப் பற்றி என்னிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம். பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் அவற்றை அடுக்குவதும் லாரியில் ஏற்றி அனுப்புவதும்தான் என் பிழைப்பு. டின்னுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வைத்த இடத்தில், வைத்த மாதிரியே இருக்கும். இப்படிப்பட்ட சாதுவான பொருள்களோடு பாதி ஆயுளைக் கழித்தவன், அக்கா மகனின் பரிசத்துக்குப் பழத்தட்டு என் பொறுப்பு என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மார்தட்டியிருக்கக் கூடாது. தட்டினேன். கூடவே கண்ணடிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டுவிட்டேன்.

அக்கா உடனே போன் செய்தாள். அவள் குரலில் கண்ணடிக்கிற பொம்மை எதுவும் இல்லை.

"டேய் தம்பி, உன் விளையாட்டெல்லாம் வேற எங்கயாச்சும் வச்சுக்க. இந்தத் தடவ எதுவும் தப்பா போகக்கூடாது."

இந்தத் தடவை என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவள் மகனுக்கு முன்பே ஓர் இடத்தில் பேசி முடித்திருந்தோம். தட்டு மாற்றும் நாளில் உடைத்த தேங்காய் உள்ளே அழுகிக் கிடந்தது. சில மாதங்களில் அந்தப் பெண் தனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள். தேங்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாங்கள் எல்லாரும் அக்காவிடம் சொன்னோம். தேங்காய் மட்டும் அப்படிச் சொல்லவில்லை, அவள் தேங்காயைத்தான் நம்பினாள். அன்றிலிருந்து வருகிற வரன்களை எல்லாம் அவளே ஏதாவது சகுனம் பார்த்துத் தட்டிக் கழித்தாள். பையன் தினமும் விடியும் முன்னே சிங்கப்பூருக்குப் போய், இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறவன். தலைமுடி முன்பக்கம் விடைபெறத் தொடங்கியிருந்தது. இப்போது தங்காக் ஊரில் அமைந்திருக்கும் பெண்ணை அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. இன்னொரு முறை ஏதாவது பிசகினால் அக்கா பின்வாங்கிவிடுவாள் என்று அவன் என்னிடம் தனியாக வந்து சொன்னான். சொல்லிவிட்டு, "மாமா, பழம் ஓகேதானே?" என்று கேட்டான். ஓகேவோ ஓகே என்றேன்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பழத்தட்டோடு முதலில் பெண் வீட்டு வாசல் ஏற வேண்டும். வாழைப்பழம் முழுச் சீப்பாக இருக்க வேண்டும். ஒரு பழம் குறைந்தாலும் ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அது ரஸ்தாளியின் குணம்.

சாஆ என்ற ஊரில் என் பழைய வேலைத் தோழன் ஒருவன், இளம் செம்பனை மரங்களுக்கு இடையில் வாழை வைத்திருக்கிறான். அவனிடம் போய் நின்றேன். அவன் மோரிஸ் வாழை கொண்டு போ என்றான். ரஸ்தாளிதான் வேண்டும், தட்டில் வைத்தால் கூடமே மணக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பச்சைத் தார் ஒன்றை வெட்டிக் கொடுத்தான். அதைக் காரின் பின் இருக்கையில் படுக்க வைத்து, சீட் பெல்ட்டும் போட்டு, உலு திராமில் இருக்கும் என் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். டோல் சாவடியில் பக்கத்துக் கார்க்காரர் எட்டிப் பார்த்தார். யாரையோ மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாக நினைத்திருக்கலாம்.

சமையலறைக்குப் பின்னால் தாரைக் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தேன், பச்சை. வேலை முடிந்து வந்து பார்த்தேன், பச்சை. மறுநாள் இன்னும் கொஞ்சம் பச்சையாகிவிட்டது போலிருந்தது. புதன்கிழமை வரை பொறுத்தேன். பரிசம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கிடங்கில் நின்றுகொண்டே கைப்பேசியில் 'வாழைக்காய் பழுக்க' என்று தேட ஆரம்பித்தேன். என் மேலாளர் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தாரை இறக்கினேன். நடுவில் பழுத்த ஆப்பிள்களைச் செருகினேன். ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்தி உள்ளே நிறுத்தி, ஈரச் சாக்கால் மூடினேன். ஊதுபத்தி ஒன்று இரண்டு போதும் என்று மனைவி சொன்னாள். நான் பாக்கெட்டையே காலி செய்திருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டி, வீட்டில் ஏதாவது எரிகிறதா, இல்லை சாமி கும்பிடுகிறீர்களா என்று கேட்டார். இரண்டும்தான் என்று என் மனைவி பதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாக்கைத் திறந்தேன். அலமாக் என்று கத்திவிட்டேன். தார் முழுவதும் ஒரே மஞ்சள். மேல் சீப்பு, கீழ்ச் சீப்பு என்ற வித்தியாசமே இல்லை. வீடு முழுக்க அப்படி ஒரு வாசம். கொஞ்ச நேரம் துள்ளினேன். மகளைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்லிக் குழுவில் போட்டேன். அக்கா கைகூப்பும் பொம்மை அனுப்பினாள். படத்தை அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமையே இப்படி என்றால் ஞாயிற்றுக்கிழமை எப்படி?

அதுவரை பழு பழு என்று கெஞ்சியவன், இப்போது பழுக்காதே என்று கெஞ்ச ஆரம்பித்தேன். நல்ல சீப்புகளை வெட்டிப் படுக்கையறைக் கட்டிலில் பரப்பி ஏர்கான் போட்டேன். கட்டிலில் எனக்கு மட்டும்தான் இடமில்லாமல் போனது என்று சொல்ல ஆசை. மனைவிக்கும் இல்லை. அவள் போர்வையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள். வாழைப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. ஒரு சீப்பை வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் அது டயர் கடையிலிருந்து வந்ததுபோல் கறுத்துக் கிடந்தது.

இருப்பதில் அழகான சீப்பைத் தட்டில் வைக்கத் தூக்கினேன். ஒரு பழம் கையோடு வந்தது. சீப்பு அங்கே, பழம் இங்கே. இழுக்கவே இல்லை, சும்மா தொட்டேன். அடுத்த சீப்பைத் தொட்டேன். அதிலும் ஒன்று 'பொத்'தென்று மெத்தையில் விழுந்தது. சாஆக்காரனுக்குப் போன் அடித்தேன். அவன் நிதானமாகச் சிரித்தான்.

"ரஸ்தாளி பழுத்தா சிந்தும் லா. அதான் மோரிஸ் எடுத்துக்கன்னேன். நீதான் மணக்கணும்னு நின்ன. இப்ப மணக்குதா?"

கடைகளுக்கு ஓடினேன். கல்யாண மாதம். நல்ல சீப்புகளை எல்லாம் என்னைவிடப் புத்திசாலியான மாமன்கள் வெள்ளிக்கிழமையே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சமிருந்தவை கல் போன்ற காய்கள், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டிப் பையில் அடைத்த ஒற்றைப் பழங்கள். போதாததற்கு, பையனின் மாமா தோட்டத்திலிருந்து ரஸ்தாளி கொண்டு வருகிறார் என்று அக்கா தங்காக்குக்கே போன் செய்து சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, இன்னும் உதிராத ஒரே ஒரு சீப்பைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிடங்கில் பெட்டி ஒட்டுகிற நிறமில்லாத டேப் என் பையில் இருந்தது. ஒவ்வொரு பழத்தின் காம்பையும் அடிக்கட்டையோடு சேர்த்து மெல்ல ஒட்டினேன். வெளியே தெரியாமல் வெற்றிலையைச் சுற்றிச் செருகினேன். மனைவி கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாத்துக்கும் தாலி கட்டி முடிச்சிட்டீங்களா?"

அக்காவிடம் சொல்லாதே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே, சொல்ல மாட்டாள் என்றும், இதை என் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவாள் என்றும் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என் காரில்தான் வந்தாள். பையனும் மற்றவர்களும் வேறு கார்களில். முன் இருக்கையில் உட்கார்ந்ததும் பழத்தட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம், என் கையிலேயே இருக்கட்டும் என்றாள். பின் இருக்கையில் என் மனைவி ஜன்னல் வழியாகச் செம்பனைகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நெடுஞ்சாலையில் நான் இடது ஓரமாக, சவ ஊர்வல வேகத்தில் ஓட்டினேன். கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. சாலையில் சிறு பள்ளம் கண்ணில் பட்டாலும் என் முதுகு விறைத்தது. டேப் இளகிவிடக் கூடாது, பழம் மேலும் கனிந்துவிடக் கூடாது என்று ஏர்கானை உச்சத்தில் வைத்திருந்தேன். அக்காவுக்கு உதடு நடுங்கியது. குளிரினாலா பயத்தினாலா என்று தெரியவில்லை. ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டிய பிறகு அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். தேங்காயை மூன்று கடையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினாளாம். பழத்தைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லையாம், அது தம்பி பொறுப்பு என்பதால்.

எனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வாய்க்கு வரும். அப்போது வேகத்தைத்தான் இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

தங்காக்கில் பெண்ணின் அப்பா துணிக்கடை வைத்திருப்பவர். துணியை அளந்து அளந்து, ஆளையும் ஒரு பார்வையில் அளந்துவிடுகிற கண். வாசலில் பந்தல் போட்டு நின்றுகொண்டிருந்தார். கார்க் கதவைத் திறந்ததும் வெயில் அடுப்பு மாதிரி முகத்தில் அறைந்தது. தட்டை வாங்கினேன். வரிசையில் எல்லாரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். அப்போதுதான் பழங்களைக் கவனித்தேன். குளிரிலிருந்து வந்த தோலின்மேல் முத்து முத்தாக நீர் பூத்திருந்தது. வெற்றிலைக்கு அடியில் டேப்பின் ஓரம் ஒன்று மெல்ல எழுந்து நின்றது.

நாகஸ்வரத்தை யாரோ ஒலிபெருக்கியில் போட்டார்கள். நான் நடந்தேன். அந்த நடையைப் பிறகு வீடியோவில் பார்த்தேன், வெடிகுண்டை அகற்றுகிற போலீஸ்காரர் நடை. பெண்ணின் அம்மா சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் நீட்டித் தட்டைப் பிடித்தார். எனக்கு விட மனம் வரவில்லை. அவர் இழுத்தார். நான் பிடித்தேன். அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

ஒரு பழம் விழுந்தது. பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. மொத்தச் சீப்பும் படியில் கொட்டி உருண்டது. தட்டில் மொட்டை அடிக்கட்டை ஒன்று மட்டும் நின்றது. அதிலிருந்து டேப் துண்டுகள் காற்றில் ஆடின.

நாகஸ்வரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா டேப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் பின்னால் பையன் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வரிசையிலிருந்து விலகி என் பக்கத்தில் வந்து, ஆடுகிற டேப்பை விரலால் தொட்டாள்.

"ஒட்டியா கொண்டாந்த?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

தலையாட்டினேன்.

அக்கா குனிந்தாள். காலடியில் கிடந்த ஒரு பழத்தை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அத்தனை பேர் முன்னால், படியிலேயே நின்று, அதை உரித்தாள். அவள் தோலைக் கடைசி வரை இழுத்து, பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒரு துளி அழுகல்கூட இல்லாமல் இருந்தது. அதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைப் பெண்ணின் அம்மாவிடம் நீட்டினாள். மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி மென்றாள்.

"நல்லா பழுத்துருச்சு சம்பந்தி. அதான் நிக்கல," என்றாள்.

பெண்ணின் அம்மாவும் மென்று முடித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, உடனே அடங்கியது. அது கல்யாணப் பெண்ணின் சிரிப்பு என்று அக்கா மகன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"பொறுக்கி உள்ள கொண்டாங்க. நல்ல நேரம் போகுது," என்றார் பெண்ணின் அப்பா. சொல்லிவிட்டு அவரே குனிந்து இரண்டு பழங்களை எடுத்துக்கொண்டார்.

நான் மண்டியிட்டு மிச்சத்தைப் பொறுக்கினேன். தட்டு நிறைந்ததும் எழுந்து கம்பீரமாக உள்ளே காலெடுத்து வைத்தேன். மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு நேரமும் நான் செருப்போடு அவர்கள் வாசற்படியில் நின்றிருக்கிறேன்.