குழாய் இல்லாத வரைபடம்

கனிமம் தேடுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. துளை போடுகிற மெஷின் எந்தப் படகுத்துறை ஜெட்டியில் இறங்கும், எந்த ரோட்டில் போகும், கரண்ட் எங்கே, தண்ணீர் எங்கே, எல்லாம் ஒரே தாளில் தெரிய வேண்டும். எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.

மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்குகிற நிபுணர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்த வேலைக்குத் தலைமையாக வந்த சென்னை சார் தனி ரகம். வந்த அன்றைக்கே, "லாங் ஐலண்டுக்குக் கார்ல எவ்வளவு நேரம்ப்பா?" என்றார். நடுவில் கடல் இருக்கு சார் என்றேன். "அது தெரியும், பாலம் இல்லையான்னு கேட்டேன்" என்று சமாளித்தார். வேலை ரங்கத் பக்கம். அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று தெரிந்ததும் மனுஷனுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. ஏசி ரூமில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தைப் பார்த்தே பாதி மேப்பை முடித்தார். அதில் யாரோ பாக்கு காயப்போடுகிற சிமெண்ட் களத்தை ஹெலிபேட் என்று குறித்துவைத்திருந்தார். படித்த படிப்பு அப்படி!

வேலை நடக்கிற இடத்துக்கு நான்தான் போனேன். நாலு நாள் என் அக்கா வீட்டில் தங்கல். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள், காட்டோரமாக ஒரு மேட்டில் பதினோரு வீடு. அரசாங்கத் தண்ணீர் அந்த மேடு ஏறவில்லை. காட்டு ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் பைப்பை அவர்களே இழுத்து வந்திருக்கிறார்கள், மரத்துக்கு மரம் பழைய சைக்கிள் டியூபால் கட்டி. வாரம் ஒரு வீடு முறைவைத்து மேலே ஏறி, பைப்பின் வாயில் அடைக்கிற இலையை எடுத்துவிட வேண்டும். பங்குனியில் கிணறெல்லாம் காய்ந்தாலும் இது நிற்காது. அந்த வாரம் அக்கா வீட்டு முறை. நானும் ஏறினேன். ஜிபிஎஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே பைப் போகிற வழி முழுக்க நடந்தேன்.

ஆபீஸில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் சார் மூஞ்சியைச் சுளித்தார்.

"என்னப்பா இது, புழு நெளியுற மாதிரி?"

"தண்ணிக் குழாய் சார். பதினோரு வீட்டுக்கு."

"எந்த டிபார்ட்மென்ட் போட்டது?"

"அவங்களே போட்டுக்கிட்டது சார்."

"அப்ப அது இன்ஃப்ராஸ்ட்ரக்சர் இல்ல. ஆஃப் பண்ணு. மேப்பு சுத்தமா இருக்கணும்."

பாக்குக் களம் ஹெலிபேடாம், பதினோரு வீடு குடிக்கிற தண்ணீர் அசிங்கமாம். தூ! மனசுக்குள்தான் துப்பினேன். கை என்னமோ மவுஸைப் பிடித்து, அந்தக் கோட்டின் பேருக்குப் பக்கத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டது. கோடு மறைந்தது. அழிக்கவில்லையே, அணைத்துத்தானே வைத்திருக்கிறோம் என்று எனக்கே ஒரு சால்ஜாப்பு. மேப்பு பிரிண்டாகிப் போனது. சாயங்காலம் டீக்கடையில் சாரைப் போலப் பேசிக் காட்டினேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பங்குனியில் அக்கா போன் பண்ணினாள்.

"குழாய்ல காத்துதான்டா வருது. துளை போடுறவனுங்க ஊத்துலயே பம்பை எறக்கிட்டானுங்க. மூணு நாளா ரோட்டுக்கு எறங்கி தண்ணி தூக்குறோம். கேக்கப் போனா, மேனேஜர் மேப்பை விரிச்சு, இங்க குழாயே இல்லைங்கிறான். கீழ மூலையில பாத்தா உன் பேரு! விடுவேனா? அவனைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டேன். என் தம்பி இந்தத் தண்ணியிலதான் குளிச்சான், இதைத்தான் குடிச்சான், அவன் போடாம விடுவானா, நீங்கதான்டா அழிச்சிருக்கீங்கன்னு கேட்டேன். இந்தா, மேனேஜர் எதுக்கத்தான் நிக்கிறான். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பதினோரு வீடும் இங்கதான் இருக்கு. நீயே சொல்லு, போட்டியா இல்லையா?"

எதிரே கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தேன். குழாய் என்று நான் பேர் வைத்த வரிக்குப் பக்கத்தில் டிக் இல்லாத ஒரு சின்னக் கட்டம். டீக்கடையில் சாரைப் பழித்துக் காட்டிய வாயால் இப்போது பதில் சொல்ல வேண்டும்.

"போட்டேன்க்கா" என்றேன், டிக்கை எடுத்ததைச் சொல்லாமல்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அக்கா அவர்களிடம் கத்துவது கேட்டது.