சுவருக்கு மேலே போன கதை

நான். என் மனைவி சரசு. சுவருக்கு அந்தப் பக்கம், தோட்டத்து லய வரிசையின் அடுத்த காம்பரா வீட்டில், என் தங்கச்சி லெச்சுமி. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இவ்வளவு பேர்தான்.

லெச்சுமியைச் சேர்த்திருக்கக் கூடாது. எங்களுக்குள் பேச்சு இல்லை. அவள் ஆடு என் போஞ்சிக் கொடியைத் தின்றது. நான் ஆட்டைத் திட்டினேன். தன்னைத் திட்டியதாக அவள் எடுத்துக்கொண்டாள். போன பொங்கலிலிருந்து இப்படி...

இப்போது அவள் மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். வெள்ளிக்கிழமை சடங்கு. தாய்மாமன் வீட்டுத் தண்ணீர்தான் முதலில் ஊற்ற வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான். ஆனால் வெற்றிலைத் தட்டு வைத்து அழைக்காமல் எப்படிப் போவது? றக்வானை டவுனில் வாங்கிய சீர்ச் சேலை பெட்டியிலேயே கிடந்தது.

மனசு ஓடவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய புத்தகத்தை எடுத்தேன். பிள்ளைகள் நாவல். எந்தக் காலத்திலோ சீமையில் எழுதியதாம். ஒரு அண்ணன், ஒரு தங்கை, நாள் முழுக்கச் சண்டை.

நமக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாயை மூடிக்கொண்டு வாசிக்க வராது. லயத்துச் சுவரோ கூரை வரை போகாது. இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

அண்ணன் பாடுபட்டுச் செதுக்கிய மரப்படகில் தங்கை கோழிக்குத் தவிடு வைக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சரியான பிசாசு!"

"யாரை சொல்றீங்க?" — சுவருக்கு மேலிருந்து லெச்சுமி.

"புத்தகத்துல உள்ள புள்ளைய."

"பொய்! என்னைய குத்திக் காட்டத்தான சத்தமா வாசிக்கிறீங்க? ஆட்டை கோழியா மாத்திட்டா எனக்கு தெரியாதா?"

சரசு எட்டிப் பார்த்தாள். "நெசமாவே கோழிதான் லெச்சுமி. படம் போட்டிருக்கு."

"சரி, அப்ப மேல வாசிங்க. பாப்போம்."

வாசித்தேன். அண்ணன் தங்கையின் பொம்மையைக் கூரையில் வீசிவிட்டு ஏணியை ஒளிக்கிறான். நான் சிரித்தேன். சுவர் சிரிக்கவில்லை.

"படகை ஒரு நாளாவது அவ கையில குடுத்தானா? அண்ணன்மாரே இப்படித்தான்!"

நல்ல கதை வாசித்தால் மனசு விசாலமாகும் என்கிறார்கள். எனக்கு ஐம்பத்து நாலு வயது — நான் அண்ணன் கட்சி. அவள் தங்கை கட்சி. எங்கே விசாலம்?

மறுநாள் சாயந்திரமும் வாசித்தேன். பொம்மையை எடுக்கத் தங்கையே கூரையில் ஏறுகிறாள். ஓடு சறுக்குகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? புள்ள விழுந்துச்சா?"

"தொண்டை கட்டிருச்சு."

"அண்ணே! விழுந்துச்சா இல்லியா?"

"சுவத்துக்கு மேல எல்லாம் சொல்ல முடியாது. வாசலால வந்தா சொல்றேன்."

சரசு என்னை முறைத்தாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது.

லெச்சுமி வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு. பாக்கு, வாழைப்பழம், வெற்றிலை. வெற்றிலை வாடியிருந்தது — வாங்கி இரண்டு மூன்று நாளாவது இருக்கும்.

"அண்ணே, அண்ணி... வெள்ளிக்கிழம வந்து தண்ணி ஊத்துங்க."

தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை. முந்தானையைச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்த்தேன். "விழுந்துச்சு" என்றேன். "அண்ணன் மேலதான்."

"நல்லா வேணும் அவனுக்கு! இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?"

புரட்டிப் பார்த்தேன்.

அறுபத்து மூன்று.