வகுப்பறை இடம் மாறிய சனிக்கிழமை

போன சனிக்கிழமை காலை பத்து மணி. இரத்மலானையில், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் சிநேகிதி சாந்தினி அழுதாள்.

சாந்தினி லேசில் அழுகிறவள் இல்லை. இருபது வருடம் ஆர்க்கிடெக்ட்டாக இருந்தவள். மேசன்மார் பத்துப் பேரை ஒரே பார்வையில் அடக்குவாள். அந்த வேலையை விட்டுவிட்டு, லொறி கராஜுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த தகப்பனாரின் காணியைத் திருப்பி எடுத்தாள். எதற்கு? தோட்டம் செய்ய! சும்மா தோட்டம் இல்லை — செத்துப்போன மண்ணுக்குத் திரும்ப உயிர் கொடுக்கிற தோட்டம். கூடவே, சனம் வந்து அதைப் படிக்க ஒரு திறந்த வகுப்பறை.

"இது மண்ணா? கொங்கிரீட்!" என்று நான் முதல் நாளே சொன்னேன். வருடக்கணக்காக லொறி ஏறி இறங்கிய நிலம். மண்வெட்டி போட்டால் நட்டும் போல்ட்டும்தான் வந்தன. அவள் கேட்டால்தானே! வெள்ளவத்தை மார்க்கெட்டில் மிஞ்சிய மரக்கறி, வாழைத்தண்டு, சருகு... கிடைத்ததை எல்லாம் கொண்டுபோய் மதில் ஓரமாகப் போர்த்தினாள். ஆறு மாதத்தில் அங்கே மண்புழு வந்துவிட்டது. மண்புழுவின் போட்டோவைப் பெருமையாக எனக்கு அனுப்பிய ஒரே ஆள் அவள்தான்.

வகுப்பறைக்கு அவள் கீறிய பிளான் இன்னும் அழகு. காணியின் நட்டநடுவில் வட்டமாக ஒரு கூரை, சுற்றிவரப் பாத்திகள். கூரை வருமுன்பே முதல் வகுப்பு. பாய்கள் விரித்தாயிற்று. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் செடி வளர்க்கும் பெண்கள் இருபது பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கூடவே மழையும் இறங்கியது.

அரை மணித்தியாலம்தான். நட்டநடு குளமாகிவிட்டது. பாய்கள் மிதந்தன.

"எல்லாரையும் அனுப்பிவிடடி" என்றாள் சாந்தினி. "நிலத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக் கீறியிருக்கிறன். இவ்வளவு நாளும் என்னத்தைப் படிச்சனான்?"

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னைக் கூட்டிவந்த த்ரீவீலர்காரர் ரவூப் நானா, மழைக்கு வெள்ளம் ஏறுகிற கிராண்ட்பாஸ்காரர். வண்டிக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர், காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏன் மிஸ் அழுறீங்க? தண்ணி போறதுக்கு வழி தேடுது, அவ்வளவுதான். எங்கட வீட்டுக்குள்ள எத்தன தரம் வந்திருக்கு! எனக்குத் தெரியாதா? கம்பு இருக்கா?"

பயற்றங்கொடிக்கு வைத்திருந்த கம்புகள் இருந்தன. அவர் ஒரு பலா இலையைத் தண்ணீரில் விட்டார். அது மெல்ல நகர்ந்தது. பின்னாலேயே போய், அது போன வழியெல்லாம் அடையாளத்துக்குக் கம்பு குத்தினார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களும் இறங்கினார்கள். ஆளுக்கொரு இலை, ஆளுக்கொரு கம்பு!

போர்த்திப் போர்த்தி மேடாகிவிட்ட மதிலோரம் போன ஒருத்தி கூப்பிட்டாள். "மிஸ், இஞ்ச வந்து பாருங்கோ! இஞ்ச தண்ணியே நிக்கேல்லை!"

சாந்தினி ஓடினாள். சருகைத் தள்ளிவிட்டு மண்ணுக்குள் கையை விட்டாள். முழங்கை வரை ஈரம்! போர்த்திய மண் குடித்திருக்கிறது, லொறி மிதித்த மண் துப்பியிருக்கிறது. அங்கேயே நின்று, நனைந்தபடி அதை விளக்கத் தொடங்கினாள். இருபது பேரும் மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். நானும்தான்.

"அப்ப வகுப்பை இந்த மேட்டில வைங்க மிஸ்" என்றார் ரவூப் நானா. "நடுவத் தண்ணிக்கே குடுத்திடுங்க."

சாந்தினி நடுவில் மிதந்த பாய்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஓம் நானா... ஓம்!" என்றாள். த்ரீவீலருக்குள் ஏறியிருந்து பழைய பிளானின் பின்பக்கத்தில் புதிதாகக் கீறினாள். மேட்டில் கூரை. நடுவில் ஒரு நீண்ட வாய்க்கால், அதன் கரையெல்லாம் தண்ணீரில் வளரும் கங்குன் கீரை, வல்லாரை.

கொழும்பில் நாங்கள் மழை வந்தால் என்ன செய்கிறோம்? வாசலில் ஒரு கட்டு கட்டி, தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிறோம். அது எங்கே போகிறது என்று பின்னால் நடந்து பார்த்திருக்கிறோமா? என் வயதுக்கு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்று காலை அடுத்த வகுப்புக்கான அறிவித்தல் வந்தது. கடைசி வரியில் சாந்தினி எழுதியிருக்கிறாள் — "மழை பெய்தால் வகுப்பு கட்டாயம் நடக்கும்."