எலிக்கு என்ன ஒருசந்தி

அம்மாவின் முழங்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டுதான் நான் மருந்து ஆராய்ச்சிக்கு வந்தேன். ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் வீடு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க அம்மா ஒருசந்தி இருப்பாள். மதியம் வரை வெறும் தண்ணீர்தான். ஆனால் சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட வேண்டுமே, அதற்காகக் காலையிலேயே மூட்டுவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வாள். அப்புறம் எரியுது எரியுது என்று சுருண்டு படுப்பாள். கஞ்சி குடித்துவிட்டுப் போடும்மா என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

"ஆண்டவரு அவ்வளவு பாடுபட்டாரு. இந்த எரிச்சல நான் தாங்கக் கூடாதா?"

சரி, நீ மாறாவிட்டால் மாத்திரையை மாற்றுகிறேன் என்று கிளம்பினேன். பெரம்பலூரில் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆய்வு மாணவி ஆனேன். பழைய வலி மருந்தில் சிறு மாற்றம் செய்து, இரைப்பையை உறுத்தாமல் கடந்துபோய் இரத்தத்தில் வேலையை ஆரம்பிக்கிற மாதிரி ஒன்றைத் தயாரித்தேன். வெறும் வயிற்றிலும் அது புண்ணாக்கக் கூடாது. அதனால் சோதனைக்கு முந்தைய இரவு எலிகளுக்கு உணவு கிடையாது.

முதல் சோதனையில் என் மருந்து கொடுத்த எலிகளின் இரைப்பையை லென்ஸில் பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் இருந்தவர்களுக்கெல்லாம் போண்டா வாங்கிக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஃபோன் போட்டு மாத்திரை ரெடி என்று உளறினேன். அப்புறம்தான் ஒப்பிடுவதற்காகப் பழைய மருந்து கொடுத்த எலிகளைப் பார்த்தேன். அதிலும் ஒரு புள்ளி இல்லை. புண்ணாக வேண்டியதே புண்ணாகவில்லை என்றால் என் மருந்து எதை ஜெயித்தது? தின்ற போண்டா நெஞ்சிலேயே நின்றது.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் போனேன். அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான். எதையும் மறைக்கவில்லை.

"விடியக்கால பாத்தேன், கம்பியக் கடிச்சிக்கிட்டு நின்னுச்சுங்க. மனசு கேக்கல. ஊறவெச்ச மக்காச்சோளம் ஒரு கை போட்டேன்."

"பட்டினி போடச் சொன்னேனேக்கா."

"தவக்காலம் மனுசனுக்குத்தான பாப்பா. எலிக்கு என்ன ஒருசந்தி?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது.

அடுத்த முறை அக்காவே எலி அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இந்தத் தடவை பழைய மருந்து கொடுத்த எலிகளின் இரைப்பைகள் சிவந்து கிடந்தன. என் மருந்து கொடுத்தவை சுத்தம். லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டு, முதல் தடவை நடந்த கூத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"பட்டினியோடயா எரியல?"

"பட்டினியோடதாம்மா."

"அப்ப எனக்கு எப்ப தருவ?"

மனிதர்களிடம் சோதித்து அனுமதி வாங்க வருஷக்கணக்காகும், வராமலே போனாலும் போகலாம். அதையும் சொன்னேன்.

"சரி. அந்தப் புள்ள எலிக்கே பாவம் பாத்திருக்கு. ஆண்டவரு எனக்குப் பாக்க மாட்டாரா. நாளையிலேருந்து கஞ்சி குடிச்சிட்டே போடுறேன்."

நான் மறுபடியும் கேன்டீனுக்கு ஓடினேன். முதல் போண்டா அக்காவுக்கு. அவர் வாங்கி, பேப்பரில் சுற்றி, ஓரமாக வைத்தார்.

"மணி பன்னெண்டு ஆவட்டும் பாப்பா. நான் ஒருசந்தி."