டின்சல் ஹார்பரின் இரண்டாம் பக்கம்

ஆட்டு விலா வெட்டும்போது நெவில் ஸ்டாதர்டின் கத்தி தாளம் தப்பாது. இரண்டு மெதுவான வெட்டு, சட்டென்று மூன்று வேக வெட்டு, பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் கடையில் நிற்கிற யாராவது கைதட்டியாக வேண்டும். தட்டாவிட்டால் அடுத்த வெட்டு விழாது. எங்கள் துறைமுகத் தெருவான ஹெசில் ரோட்டில் இது எல்லோருக்கும் தெரியும். ஈரல் வாங்க வரும் பாதிரியார்கூடத் தட்டிவிடுவார். புதிதாக வந்தவர்கள்தான் முழிப்பார்கள். "தட்டு கண்ணு. இல்லேன்னா உன் கறி சாயங்காலம் வரைக்கும் இப்படியேதான் கெடக்கும்" என்பார் நெவில்.

அறுபத்தெட்டு வயது. கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. மீசையை மழித்தவர் தலையை மட்டும் விடமாட்டார்: மேலே குத்திட்டு நிற்க வேண்டும், பின்னால் தோள்வரை தொங்க வேண்டும். எதிர்க்கடையில் முடி வெட்டுகிறவன் நான். உச்சியில் இனிக் குத்திட்டு நிற்பதற்கு அதிகம் இல்லை என்று ஒருமுறை பதமாகச் சொல்லிப் பார்த்தேன். "இருக்குறதை நிக்க வை மாப்ள. எண்ணிக்கையா முக்கியம்?" என்றார்.

அந்தத் தலை அவருடையதில்லை. ஓர் இசைத்தட்டின் அட்டையிலிருந்து எடுத்தது. அவருக்குப் பதினாறு வயதானபோது கில்டட் மேக்பைஸ் என்ற ஐந்து பேர் குழு போட்ட இசைத்தட்டு 'டின்சல் ஹார்பர்'. அட்டையில் மீன் பெட்டிகளின் மேல் ஐவரும் வெள்ளிக் கால்சட்டையில், சாண் உயரக் காலணியில் நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் பாடகனின் இமை முழுக்க நீல மினுக்கு. "அதுவரைக்கும் எங்க ஊர்ல ஆம்பளைக்கு மூணே கலரு. கறுப்பு, பழுப்பு, மீன் செதிலு. இதைப் பாத்ததும் எனக்கு மூச்சே நின்னுபோச்சு" என்பார்.

அன்றே அக்காவின் நீல மையை எடுத்து இமையில் பூசிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, ஐஸ்லாந்துக் கடலுக்குப் போயிருந்த அப்பா திரும்பி வந்துவிட்டார். விழப்போகிற அறைக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாராம் நெவில். அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். மகன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நீலம் உனக்கு எடுக்கல. பச்சையப் போடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அன்றிலிருந்து நெவிலுக்குப் பச்சைதான்.

வருடா வருடம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாலுமிகள் மன்றத்தின் கூடத்தில் அந்த இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை போடுவார்கள். நெவில்தான் தன் வீட்டு இசைத்தட்டுச் சுழல்மேடையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வருவார். ஆற்றின் அக்கரையிலிருந்து இரண்டு சகோதரிகள் இறகுச் சால்வை போர்த்திக்கொண்டு வருவார்கள். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஜெரால்ட், செயற்கை இடுப்பெலும்போடு உயரக் காலணி போட்டு வருவார். பெரியவர்களைக் கேலி செய்யவென்றே வரும் பேரப்பிள்ளைகள் மூன்றாவது பாட்டு வருவதற்குள் மேசைமேல் ஏறியிருப்பார்கள்.

நெவிலின் மனைவி ஐலீனும் வருவார். ஆனால் கூடத்துக்குள் வரமாட்டார். கூடத்தைப் பார்த்த அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார். அந்தச் சத்தம் தனக்குத் தலைவலி என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறவர். என் கடைக்கு வந்தாலும் அதையேதான் சொல்வார். அவர் அதைக் கேட்டு ரசிக்க வேண்டும் என்று நெவில் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. வீட்டில் போடும்போது கதவைச் சாத்திக்கொள்வார்.

இந்த வருடம் அன்று காலையிலிருந்தே பெருங்காற்று. ஆனாலும் கூடம் நிறைந்துவிட்டது. முதல் பக்கம் முடிவதற்குள் தரைப்பலகை அதிர்ந்து மேசையிலிருந்த குவளைகள் நகர ஆரம்பித்தன. நெவில் வெள்ளிக் கால்சட்டையில், பச்சை இமையோடு, தட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டின் முரசு உச்சத்துக்கு ஏறிய நேரத்தில் எங்கோ மின்கம்பி அறுந்தது. விளக்கு போனது. பாட்டு ஒரு முனகலாய் இழுத்துக்கொண்டு நின்றது.

நெவிலின் முகத்தை அப்போது பார்த்தேன். இத்தனை வருடத்தில் நடுவில் நின்றதே இல்லை. சுழல்மேடையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே காற்று ஊளையிட்டது. யாரோ மேலங்கியைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஜெரால்ட்தான் காலால் தரையை உதைத்தார். நின்றுபோன முரசின் தாளம்: இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக. நிறுத்தத்தில் கூடம் முழுக்கக் கைதட்டியது. மறுபடி உதைத்தார். சகோதரிகள் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள். அவ்வளவுதான், மொத்தக் கூடமும் பிடித்துக்கொண்டது. கிட்டார் வரும் இடங்களை வாயாலேயே வாசித்தார்கள். பிள்ளைகள் நாற்காலிகளை முரசாக்கினார்கள். எனக்குப் பாடவே வராது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். நெவில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தார்.

அடுத்தது மெதுவான பாட்டு. அதில் பாடகன் வாய்க்குள் முனகும் ஒரு வரி உண்டு. 'என் சட்டையில் நிலவைத் தைத்தாள்' என்பது நெவில் கட்சி. 'நீலத்தைத் தைத்தாள்' என்பது ஜெரால்ட் கட்சி. இந்தச் சண்டையில் ஒருமுறை இருவரும் ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்த வரி வந்தது. பாதிக் கூடம் நிலவு என்றது, பாதிக் கூடம் நீலம் என்றது. ராகம் முட்டிக்கொண்டு நின்றது.

"நீலம்டா, காது செத்தவனே" என்றார் ஜெரால்ட்.

"பஸ் எஞ்சின் பக்கத்துல உக்காந்தவன் காதைப் பத்திப் பேசறான் பாரு" என்றார் நெவில். ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது யாருக்கும் பாட்டை மறுபடி எங்கே எடுப்பதென்று தெரியவில்லை.

அப்போது அடுப்படி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய, சுத்தமான குரல். 'என் சட்டையில் நிழலைத் தைத்தாள்' என்று பாடி, நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது. ஐலீன் தலையைத் தூக்கவில்லை. வெண்ணெய்க் கத்தி ரொட்டிமேல் போய்க்கொண்டேயிருந்தது.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு நான் ஐலீனிடம் கேட்டபோது, "அவருக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். கதவைச் சாத்துனா கேக்காதா என்ன? தனியா துணி தேய்க்கிறப்ப நானும் பாடுவேன்" என்றார்.

ஆனால் அன்று அந்தக் கூடத்தில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. ஜெரால்ட் தொப்பியைக் கழற்றிவிட்டார். அடுத்த வரியிலும், அதற்கடுத்த வரியிலும் குரல் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பாட்டின் உச்ச வரிக்கு ஐலீன் கத்தியைக் கீழே வைத்து, மூச்சை இழுத்தார்.

சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் வந்தது. விளக்குகள் எரிந்தன. தட்டு சுழல ஆரம்பித்து, ஒலிபெருக்கியில் முரசு உறுமிக்கொண்டு எழுந்தது.

நெவில் அடுப்படி ஜன்னலைப் பார்த்தபடியே எட்டி, ஒரே விரலால் தட்டிலிருந்து முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.